ஒரு மேற்கோள், மூன்று பெயர்கள்: யார் கணக்கில் எவ்வளவு?

பிரமானா என்ற இயற்பியல் இதழின் 9-ஆம் தொகுதியில், 471-ஆம் பக்கத்தில் தொடங்கும் கட்டுரை ஒன்று உண்டு. ஆண்டு 1977. தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டிய கட்டுரை. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் நடந்த வேலை. எழுதியவர்கள் மூவர்: எஸ். சந்திரசேகர், பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ், இதே வரிசையில். இதை இன்று ஒருவர் மேற்கோள் காட்டினால் அந்த ஒரு மேற்கோள் யார் கணக்கில் ஏறும்?

பதவி உயர்வு மதிப்பெண், ஹெச்-இண்டெக்ஸ் (தலா h மேற்கோளுக்குக் குறையாமல் பெற்ற h கட்டுரைகள் என்று ஒருவரின் ஆய்வை அளக்கும் எண்), பல்கலைக்கழகத் தரவரிசை என்று எதை எடுத்தாலும் அடியில் இந்தக் கேள்விக்கு யாரோ ஒரு விடை எழுதி வைத்திருக்கிறார்கள். விடையை மாற்றினால் பட்டியலில் மேலே இருப்பவர் கீழே போவார். எந்த முறையில் எண்ணியது என்று சொல்லாமல் தரப்படும் மேற்கோள் (சைட்டேஷன்) எண்ணிக்கையை நம்பி ஒரு முடிவும் எடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

முதலில் பழைய விடை. எந்தக் கட்டுரையை எது மேற்கோள் காட்டியது என்று பட்டியலிடும் யூஜின் கார்ஃபீல்டின் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் 1964-இல் சந்தைக்கு வந்தபோது அது கனமான அச்சுத் தொகுதி. ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஒரு வரி: முதல் ஆசிரியர், ஆண்டு, இதழின் சுருக்கப் பெயர், தொகுதி, பக்கம். இரண்டாவது பெயருக்கு அந்த வரியில் இடமே இல்லை. நம் கட்டுரை 'சந்திரசேகர் எஸ், 1977, பிரமானா, 9, 471' என்று நிற்கும். சதாசிவாவைத் தேடினாலும் சுரேஷைத் தேடினாலும் இந்தக் கட்டுரை வராது. கொள்கையாக யோசித்து எடுத்த முடிவல்ல இது; காகிதத்தில் இடம் மிச்சம் பிடித்ததன் விளைவு. ஆனால் 1970-களின் அறிவியல் சமூகவியல் ஆய்வுகள் பலவும் இந்த வரிகளை எண்ணித்தான் யார் பெரிய விஞ்ஞானி என்று பேசின. 1980-இல் டங்கன் லிண்ட்சே இதை எதிர்த்து எழுதினார். அடுத்த ஆண்டே அறிவியல் வரலாற்றாளர் டெரிக் டி சொல்லா பிரைஸ், ஒரு கட்டுரைக்கான மதிப்பை எழுதியவர்களுக்குள் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்று சயின்ஸ் இதழுக்குக் கடிதம் எழுதினார்.

பழைய கதைதானே என்று விட்டுவிட முடியாது. அந்த அச்சுத் தொகுதியின் இணைய வாரிசான வெப் ஆஃப் சயின்ஸிலிருந்து இன்று இறக்கும் கோப்பிலும் மேற்கோள் பகுதி இதே அமைப்பில்தான் வருகிறது. அதை அப்படியே ஒரு மென்பொருளில் ஏற்றி, 'அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆசிரியர்கள்' என்று அட்டவணை போட்டால், கிடைப்பது முதல் ஆசிரியர்களின் அட்டவணை மட்டுமே. எம்.ஃபில்., பிஎச்.டி. ஆய்வேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் பிழை இது.

'சந்திரசேகர் எஸ்' என்ற வரியில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. திரவப் படிக ஆய்வாளர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். 1983-இல் இயற்பியல் நோபல் பெற்ற சிகாகோ வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். இருவரும் சி. வி. ராமனின் நெருங்கிய உறவினர்கள்: ஒருவர் சகோதரியின் மகன், மற்றவர் அண்ணன் மகன். அட்டவணையில் இருவருக்கும் ஒரே பெயர். பிரித்து எடுக்காமல் கூட்டினால், விண்மீன்களைப் பற்றிய மேற்கோளும் தட்டு மூலக்கூறுகளைப் பற்றிய மேற்கோளும் ஒரே ஆளின் பெயரில் குவிந்துவிடும். பெயர்க் குழப்பத்தைத் தீர்க்காமல் பங்கு பிரிக்கப் போவது வீண் வேலை.

இனி பங்குகளுக்கு வருவோம். இந்த மூவர் கட்டுரைக்கு ஒரு மேற்கோள் விழுந்தால், புழக்கத்தில் உள்ள முறைகள் இப்படிப் பிரிக்கும்:

முழு எண்ணிக்கை: 1, 1, 1
முதல் ஆசிரியர் மட்டும்: 1, 0, 0
சமப் பின்னம்: 0.333, 0.333, 0.333
கூட்டுத் தொடர்: 0.500, 0.333, 0.167
பெருக்குத் தொடர்: 0.571, 0.286, 0.143
இசைத் தொடர்: 0.545, 0.273, 0.182

கணக்கு ஒன்றும் கடினமில்லை. கூட்டுத் தொடரில் எடைகள் 3, 2, 1. மொத்தம் 6, அதால் வகுக்க வேண்டும். பெருக்குத் தொடரில் 4, 2, 1, மொத்தம் 7. இசைத் தொடரில் 1, அரை, மூன்றில் ஒன்று. கூட்டினால் 11/6, அதால் வகுத்தால் 6/11, 3/11, 2/11.

மூன்று பேர் என்றால் கடைசி மூன்று முறைகளும் ஏறத்தாழ ஒன்று போலத்தான் தெரியும். பத்துப் பேராக்கிப் பாருங்கள். கூட்டுத் தொடரில் முதல்வருக்கு 0.182, பத்தாமவருக்கு 0.018. இசைத் தொடரில் 0.341, 0.034. பெருக்குத் தொடரில் முதல்வருக்கு 0.5005, பத்தாமவருக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு கூட முழுதாகத் தேறாது. எத்தனை பேர் சேர்ந்தாலும் முதல்வரின் பாதி குறையவே குறையாது என்பதால் பெருக்குத் தொடரை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இசைத் தொடரை 1981-இல் ஹாட்ஜும் கிரீன்பெர்க்கும் சயின்ஸ் இதழில் முன்மொழிந்தார்கள். பல காலம் கிடப்பில் கிடந்த அதை 2008-இல் நில்ஸ் ஹேகன் மறுபடி எடுத்து ஆராய்ந்தார். வரிசைக்குப் பொருள் உள்ள துறைகளில் அது நியாயமாகவே நடந்துகொள்கிறது.

முழு எண்ணிக்கை மட்டும் வேறு சாதி. மற்ற எல்லாவற்றிலும் பங்குகளைக் கூட்டினால் 1 வரும். இதில் 3 வரும். ஒரே நிலத்தை மூன்று பேர் பெயருக்கும் முழுசாகப் பட்டா போட்டுக் கொடுத்தது போல. அதற்காக அது தவறு என்று அர்த்தமில்லை. 'இவர் எத்தனை மேற்கோள் பெற்ற வேலைகளில் பங்கெடுத்தார்' என்பது கேள்வியானால் முழு எண்ணிக்கைதான் சரியான விடை. 'அந்த வேலையில் இவருடைய அளவு என்ன' என்று கேட்டால் அது விடையே ஆகாது. கூகுள் ஸ்காலர் பக்கத்தில் தெரியும் எண் முதல் கேள்விக்கானது. நேர்காணல் குழு கேட்பதோ இரண்டாவது கேள்வி.

யு.ஜி.சி. விதிகளை இங்கே எடுத்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் நம் கல்லூரிகளில் பலருக்கும் பங்கு பிரிப்பு என்றால் நினைவுக்கு வருவது அதுதான். 2018 விதிமுறையில், இருவர் எழுதிய கட்டுரை என்றால் ஆளுக்கு மொத்த மதிப்பில் 70 விழுக்காடு. இருவருக்கு மேல் என்றால் முதல் அல்லது முதன்மை அல்லது கரஸ்பாண்டிங் ஆசிரியருக்கு (இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருப்பவருக்கு) 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. அறிவியல் துறையில் ஒரு கட்டுரையின் அடிப்படை மதிப்பு 8 புள்ளி. இருவர் எழுதினால் ஆளுக்கு 5.6, மொத்தம் 11.2. மூவர் என்றால் 5.6 + 2.4 + 2.4 = 10.4. பத்துப் பேர் என்றால் 27.2. அதாவது எட்டுப் புள்ளிக் கட்டுரை, மூவரைத் தாண்டிப் பெயர் சேரச் சேரக் குட்டி போட்டுக்கொண்டே போகிறது. பத்தாவது பெயரைச் சேர்ப்பதால் முதல் ஒன்பது பேரில் யாருக்கும் ஒரு தசமம்கூடக் குறையாது. உழைக்காமல் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் விருந்தாளி ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல அழைப்பிதழ் அடிக்க முடியாது. முதல் ஆசிரியர் ஒருவர், கரஸ்பாண்டிங் ஆசிரியர் வேறொருவர் என்றால் இருவரும் 70 கேட்டு விண்ணப்பிக்கவும் வாசகத்தில் இடமிருக்கிறது.

இதற்கு முந்தைய 2010 விதி வேறு மாதிரி சறுக்கியது. முதல் ஆசிரியரும் கரஸ்பாண்டிங் ஆசிரியர் அல்லது வழிகாட்டியும் சேர்ந்து 60 விழுக்காட்டைச் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்; மீதி 40 மற்றவர்களுக்குச் சமமாக. கூட்டினால் நூறு வருகிறதே, நல்லதுதானே என்று தோன்றும். மூன்று பேர் எழுதிய கட்டுரையில் போட்டுப் பாருங்கள்: முதல்வருக்கு 30, வழிகாட்டிக்கு 30, இடையில் பெயர் வந்த மூன்றாமவருக்கு 40! மாணவரும் வழிகாட்டியும் மட்டும் எழுதியதானால் ஆளுக்கு 30 போக மீதி 40-ஐ வாங்க ஆளே இல்லை. ஒரு விதியை எழுதியதும் ஆசிரியர் எண்ணிக்கை 1, 2, 3, 10 என்று நான்கு நிலைகளுக்கும் கையால் போட்டுப் பார்த்தால் இவையெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வரிசைக்கு எடை கொடுக்கும் எந்த முறைக்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு: பெயர் வரிசைக்கு ஏதாவது பொருள் இருக்க வேண்டும். கணிதம், பொருளியல், துகள் இயற்பியல் ஆகியவற்றில் அகரவரிசை வழக்கம். ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ், சி.எம்.எஸ். குழுக்கள் சேர்ந்து 2015-இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸில் வெளியிட்ட கட்டுரையில் 5,154 பெயர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயரும் நிறுவனமும்தான். முழு எண்ணிக்கையில் 5,154 பேருக்கும் ஆளுக்கொரு முழு மேற்கோள். சமப் பின்னத்தில் ஆளுக்கு 0.000194. இசைத் தொடரில் போட்டாலோ, குடும்பப் பெயர் ஆங்கில எழுத்துவரிசையில் முதலில் வந்த ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு 0.11 போகும், சமப் பங்கைப் போல ஏறத்தாழ 565 மடங்கு. அகரவரிசைத் துறைகளில் சமப் பின்னத்தைத் தவிர வேறொன்றும் எடுபடாது.

மருத்துவம், உயிரியலில் சிக்கல் வேறு. அங்கே கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. ஐந்து பேர் கட்டுரையில் இசைத் தொடர் 0.438, 0.219, 0.146, 0.109, 0.088 என்று பிரிக்கும். ஆய்வகத்தை நடத்தியவருக்குக் கடைசி எலும்பு. இதைச் சரிசெய்ய, முதல் இரு பங்குகளையும் கூட்டி முதல்வருக்கும் கடைசியானவருக்கும் சமமாகக் கொடுக்கலாம்: ஆளுக்கு 0.328, நடுவிலுள்ள மூவருக்கு 0.146, 0.109, 0.088. மொத்தம் மாறாது. 'இருவரும் சம பங்களித்தனர்' என்ற அடிக்குறிப்பு இருந்தால் அந்த இருவரின் பங்குகளையும் இதே போலச் சராசரி எடுக்கலாம். தொல்லை என்னவென்றால் அந்த அடிக்குறிப்பு தரவுத்தளத்துக்கு வருவதில்லை, கட்டுரையைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

சமப் பின்னத்துக்கும் குறை உண்டு. 1975-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன், தனி ஆளாக எழுதிய கட்டுரையில் 'நாங்கள்' என்றே எழுதிவிட்டார். மறுபடி தட்டச்சு செய்ய மனமில்லாமல் தன் பூனையை எஃப். டி. சி. வில்லர்ட் என்ற பெயரில் இணை ஆசிரியர் ஆக்கினார். சமப் பின்னத்தில் அந்தக் கட்டுரையின் பாதி மேற்கோள் பூனைக்கு. சும்மா பெயர் சேர்த்தால் தன் பங்கு குறையும் என்ற பயத்தை இந்த முறை உண்டாக்குவது நல்லதுதான். ஆனால் அதே பயத்தில் உண்மையாக உழைத்த ஆய்வு மாணவரின் பெயரும் வெட்டுப்படலாம். இந்த இரண்டில் எது அதிகம் நடக்கும் என்பது அந்தந்தத் துறையின் ஒழுக்கத்தைப் பொறுத்தது.

நிறுவனங்களை ஒப்பிடும்போது முழு எண்ணிக்கை செய்யும் சேதம் வெளியே தெரியாது. ஒரு துறையில் இரண்டே கட்டுரைகள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து எழுதியது, 6 மேற்கோள். இரண்டாவது ஒரே பல்கலைக்கழகத்துடையது, 2 மேற்கோள். துறைச் சராசரி 4. ஆகவே சராசரியோடு ஒப்பிட்ட மதிப்பு 1.5, 0.5. முழு எண்ணிக்கையில் 1.5 மூன்று முறையும் 0.5 ஒரு முறையும் ஏறும்: 5-ஐ 4-ஆல் வகுத்தால் 1.25. எல்லாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து சராசரியைவிட 25 விழுக்காடு மேலே! பின்ன எண்ணிக்கையில் 1.5-ம் 0.5-ம் ஒவ்வொரு முறைதான்; சராசரி 1. கூட்டாக எழுதப்படும் கட்டுரைகள் பொதுவாக அதிகம் மேற்கோள் பெறுவதால் நிஜத் தரவிலும் இந்த வீக்கம் வரும். கூட்டு முயற்சி மிகுந்த துறைகளுக்கு அதிகமாக வரும். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம் வெளியிடும் லைடன் தரவரிசை பின்ன எண்ணிக்கையை இயல்பாக வைத்திருப்பதற்கு அங்குள்ள ஆய்வாளர்கள் வால்ட்மனும் வான் எக்கும் சொல்லும் காரணம் இதுதான். நிறுவனங்களை வரிசைப்படுத்தும் நேச்சர் இண்டெக்ஸ் இரண்டையும் தருகிறது: 'கவுண்ட்' என்பது முழு எண்ணிக்கை, 'ஷேர்' என்பது பின்னம். செய்திக் குறிப்பில் எது பெரியதோ அது போடப்படும், சொல்ல வேண்டியதில்லை.

ஹெச்-இண்டெக்ஸில் பின்னத்தை எங்கே நுழைப்பது என்பதிலேயே இரண்டு வழி. ஒருவரிடம் ஆறு கட்டுரைகள். மேற்கோள்கள் 20, 12, 9, 5, 4, 3. ஆசிரியர் எண்ணிக்கை முறையே 4, 2, 5, 2, 1, 3. வழக்கமான ஹெச் 4. மேற்கோள்களை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்து மறுபடி அடுக்கினால் 6, 5, 4, 2.5, 1.8, 1, ஹெச் 3. மைக்கேல் ஷ்ரைபர் 2008-இல் சொன்ன வழியில் மேற்கோளைத் தொடுவதில்லை, தரவரிசை எண்ணைத்தான் பின்னமாக்க வேண்டும்: 0.25, 0.75, 0.95, 1.45, 2.45, 2.78. மேற்கோள் இந்த எண்ணுக்குக் குறையாமல் இருக்கும் கடைசி இடம் ஆறாவது, அதனால் விடை 2.78. எனக்கு ஷ்ரைபர் வழி பிடிக்கும். முதல் வழியில், பலர் சேர்ந்து எழுதிய நல்ல கட்டுரை பட்டியலின் அடிக்குப் போய்க் கணக்கிலிருந்தே நழுவிவிடுகிறது. மேலே 9 மேற்கோள் பெற்ற கட்டுரை 1.8 ஆனதைப் பாருங்கள்.

ஆண்டுதோறும் 'உலகின் முதல் 2 விழுக்காட்டு விஞ்ஞானிகள்' என்று கல்லூரி வாசலில் பேனர் கட்ட வைக்கும் பட்டியலுக்குள்ளேயும் ஷ்ரைபர் இருக்கிறார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸ் குழு, ஸ்கோப்பஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தின் தரவில் போடும் அந்தக் கூட்டு மதிப்பெண் ஆறு கூறுகள் கொண்டது: மொத்த மேற்கோள், ஹெச், ஷ்ரைபர் ஹெச், தனியாக எழுதியவற்றின் மேற்கோள், தனி மற்றும் முதல் பெயர், தனி மற்றும் முதல் மற்றும் கடைசிப் பெயர். ஒவ்வொன்றும் மடக்கை எடுத்துப் பெரும மதிப்பால் வகுக்கப்படுவதால் 0 முதல் 1 வரை. கூட்டினால் அதிகபட்சம் 6. எப்போதும் நடுவில் பெயர் வருபவருக்கு ஆறில் மூன்று கூறு பூச்சியம். தனியாக எழுதிய கட்டுரையோ மூன்று கூறிலும் திரும்பத் திரும்ப எண்ணப்படும். முழுதும் பின்னமும் இடமும் கலந்த குழம்பு என்றாலும், சேர்மானத்தை வெளிப்படையாகச் சொல்லிச் செய்கிறார்கள். பேனரில்தான் அது வருவதில்லை.

கணக்கில் இறங்கும்போது கைக்கு வரும் இடறல்களைச் சொல்லிவிடுகிறேன். பின்னத்துக்கு அடிப்படை ஆசிரியர் எண்ணிக்கை. அதுவே தரவில் பொய்யாக இருக்கலாம். மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளமான பப்மெட் 1984 முதல் 1995 வரையான பதிவுகளில் பத்துப் பெயருக்கு மேல் ஏற்றவில்லை. 1996 முதல் 1999 வரை 25. நாற்பது பேர் எழுதிய 1990-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு அந்தப் பதிவை நம்பினால் ஆளுக்கு 0.025-க்குப் பதில் 0.1 போகும், மீதி முப்பது பேர் காணாமல் போவார்கள். ஓப்பன்அலெக்ஸ் என்ற திறந்த தரவுத்தளத்தில் பட்டியலாகக் கேட்டால் ஒரு கட்டுரைக்கு முதல் 100 ஆசிரியர்கள் மட்டுமே வருவார்கள். சரியாக 100 என்று நிற்கும் கட்டுரைகளைத் தனித்தனியாகத் திரும்ப இறக்குங்கள். குழுவின் பெயரே ஓர் ஆசிரியராகப் பதிவாகியிருந்தால் அதையும் ஒரு தலையாக எண்ணாதீர்கள். பெயர்களைப் பிரிக்கும் குறி அரைப்புள்ளியா காற்புள்ளியா என்று பார்க்காமல் எண்ணினால் 'குமார், ஆர்' இரண்டு பேராவார்.

தமிழ்ப் பெயர்களுக்கு இது இன்னும் கூடுதல். ராமசாமி மகன் குமார், 'ஆர். குமார்' என்று எழுதினால் தரவுத்தளத்தில் 'குமார் ஆர்'. கடவுச்சீட்டுக்காக முதலெழுத்தை விரித்து 'குமார் ராமசாமி' என்று எழுத ஆரம்பித்தால் அடுத்த கட்டுரையிலிருந்து 'ராமசாமி கே'. ஒரே ஆள் இரண்டு பேராகி, மேற்கோளும் இரண்டாகிறது. ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஆர்க்கிட் (ORCID) எண்ணைக் கட்டுரை அனுப்பும்போதே இணைப்பதுதான் வழி. அதற்கு முந்தைய கட்டுரைகளைக் கையால் சேர்க்க வேண்டும்.

பங்குகளை இரண்டு தசமத்தோடு வெட்டிச் சேமிக்காதீர்கள், 0.33 மூன்று சேர்ந்தால் 0.99, ஆயிரம் கட்டுரையில் பத்துக் கட்டுரை காணாமல் போகும். கடைசியில் எல்லோருடைய பங்கையும் கூட்டினால் கட்டுரைகளின் எண்ணிக்கை வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ ஆசிரியர் விடுபட்டிருக்கிறார் அல்லது இரட்டித்திருக்கிறார். 'பின்ன மேற்கோள்' என்ற பெயரில் இன்னொரு கணக்கும் உண்டு: மேற்கோள் காட்டும் கட்டுரையின் நூற்பட்டியல் 40 நீளம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 1/40 கொடுப்பது. அது துறைகளுக்கிடையிலான வேறுபாட்டைச் சரிக்கட்ட. ஆசிரியர் பங்கோடு அதற்குத் தொடர்பில்லை. இரண்டையும் ஒன்றென்று நினைத்து எழுதிய ஆய்வேடுகள் உண்டு.

வரைபடம் போடுபவர்களுக்கு: இணை ஆசிரியர் வலையில் 100 பேர் எழுதிய ஒரே கட்டுரை, முழு எண்ணிக்கையில் 4,950 இணைப்புகளை உண்டாக்கும். படத்தில் அடர்ந்த ஒரு பந்து தெரிந்தால் அது பெரும்பாலும் அந்த ஒரு கட்டுரைதான். வி.ஓ.எஸ்.வியூவர் என்ற வரைபட மென்பொருளில் பின்ன எண்ணிக்கையைத் தேர்ந்தால் ஒவ்வொரு இணைப்பின் வலுவும் 1/99 ஆகக் குறையும். 25-க்கு மேல் ஆசிரியர் உள்ளவற்றை விலக்கும் வசதியும் அதில் இருக்கிறது. இணை மேற்கோள் (இருவர் ஒரே நூற்பட்டியலில் சேர்ந்து வருவது) வரைபடத்தில் எல்லா ஆசிரியர்களையும் எடுத்தால் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும்: பிரமானா கட்டுரை மட்டும் மேற்கோளில் வந்தால் சந்திரசேகரும் சதாசிவாவும் இணை மேற்கோள் ஆனார்களா? ஆனார்கள் என்றால் உங்கள் படம் யார் யாரோடு சேர்ந்து எழுதினார்கள் என்பதையும் கலந்து காட்டும். கருத்து உறவை மட்டும் பார்க்க வேண்டுமென்றால், இருவரின் வெவ்வேறு கட்டுரைகள் ஒரே நூற்பட்டியலில் வரும்போது மட்டும் எண்ணுங்கள். எதைச் செய்தீர்கள், எத்தனை கட்டுரைகளை விலக்கினீர்கள் என்பதைப் படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள்.